புதிய பிராசசர் மாட்டிய பின் தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்து எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பி450 மதர்போர்டில் ஆறு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் தராமல் ஓடிய ரைசன் 5 2600 பிராசசரை எடுத்துவிட்டு, ரைசன் 7 5800எக்ஸ் மாட்டியிருக்கிறீர்கள். அதற்காக பயாஸை, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் நிரலைப் புதுப்பித்தீர்கள். அதே நாளில், ஏற்கெனவே இருந்த இரண்டு 8 ஜிபி ரேமோடு வேறொரு நிறுவனத்தின் இரண்டு 8 ஜிபி ரேமையும் சேர்த்து, எக்ஸ்எம்பி (ரேமை அதன் அட்டையில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்து 3200 வேகத்தில் ஓடவிட்டீர்கள். கூலர், பழைய பிராசசருடன் பெட்டியில் வந்த சிறிய கூலர். பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் 550 வாட், அதற்கும் வயது ஆறு. கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். இப்போது பாட்டு கேட்டுக்கொண்டோ இணையத்தில் படித்துக்கொண்டோ இருக்கும்போது திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆகிறது. விளையாடும்போது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ப்ளூ ஸ்கிரீன் வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில். காலையில் முதன்முதலாக ஆன் செய்தால் இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுந்த பிறகுதான் படம் வருகிறது. ஆனால் பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை அரை மணி நேரம் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை. பிராசசரைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அல்ல, மூன்று. அவற்றில் இரண்டு ரேமைச் சுட்டுகின்றன, ஒன்றுதான் பிராசசரையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் சுட்டுகிறது. இப்படிப்பட்ட கணினிகளைப் பார்க்கும்போது எல்லாரும் முதலில் திரையில் வந்த பிழைச் செய்தியைத்தான் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட நம்பகமான சாட்சி, கணினி எந்த வேளையில் விழுகிறது என்பது. சும்மா இருக்கும்போதா, லேசான வேலையிலா, முழுச் சுமையிலா, குளிர்ந்த நிலையில் ஆன் செய்யும்போதா என்பதை ஒரு தாளில் தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்தால், பாதி நோய் தானாகவே பிரிந்துவிடும்.

சினிபெஞ்ச் தாண்டிவிட்டது என்பதால் பிராசசர் நிலையாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் தடுமாறும் இடம் இதுதான். பிராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் எட்டு கோர்களும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக உழைக்கும்போது, 5800எக்ஸ் தனக்கு விதிக்கப்பட்ட மின் வரம்புக்குள் நிற்பதற்காக வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துக்கொள்கிறது, வோல்டேஜ் 1.3-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ சீராக நிற்கும். நீங்கள் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது நடப்பதோ வேறு. அதுவரை உறங்கிக்கொண்டிருந்த ஒரே ஒரு கோர், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் 4.7 கிகாஹெர்ட்ஸுக்கும் சற்று மேலும் பாய்கிறது, வோல்டேஜ் 1.4-ஐத் தாண்டுகிறது, வேலை முடிந்ததும் அந்தக் கோர் மறுபடியும் உறங்கிவிடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் இது எத்தனையோ முறை நடக்கும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் பலவீனமான கோரும், பழைய எஸ்எம்பிஎஸ்ஸும், பயாஸில் தவறாக வைத்த அமைப்பும் வெளிப்படுகின்றன. ஆகவே முழுச் சுமையைத் தாங்கி, சும்மா இருக்கும்போது விழும் கணினி முரண்பாடான ஒன்றல்ல. இந்தத் தலைமுறைப் பிராசசர்களில் நன்கு அறியப்பட்ட நடத்தைதான்.

முதலில் ஈவன்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்தால் அந்தப் பெயர் பட்டியலிலேயே இருக்கும். உள்ளே விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். ரீஸ்டார்ட் ஆன ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். முந்தைய முறை கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறு எதையும் சொல்வதில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41-தான் வரும். நீங்கள் தேட வேண்டியது, அதே நேரத்தை ஒட்டி டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 18 அல்லது 19 என்ற எண்ணுடன் ஏதேனும் பதிவு இருக்கிறதா என்பதை. 18 என்றால் வன்பொருளில் மீள முடியாத பிழை. 19 என்றால் பிழை நேர்ந்து, அது திருத்தப்பட்டும் விட்டது. 18-ஐத் திறந்தால் பிழையின் வகையும், அதற்குக் கீழே பிராசசர் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண்ணும் தெரியும். உங்கள் பிராசசரில் இந்த எண் 0 முதல் 15 வரை வரும். 0-உம் 1-உம் முதல் கோர், 2-உம் 3-உம் இரண்டாவது கோர் என்று இரண்டிரண்டாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். எல்லாப் பதிவுகளிலும் ஒரே கோரின் எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகம் அந்தக் கோரின் மேல். எண்கள் சிதறி வந்தால் எல்லாக் கோர்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்றின் மேல், அதாவது மின்சாரம், ரேம் வேகம், பயாஸ் ஆகியவற்றின் மேல். 19 அடிக்கடி வந்து அதில் பஸ் அல்லது இன்டர்கனெக்ட் என்று இருந்தால், ரேமோடு சேர்ந்து ஓடும் உள் இணைப்பின் வேகம் தாங்கவில்லை என்று பொருள். 3200-இல் இது அரிது, 3600-க்கு மேல் முயல்பவர்களிடம்தான் அதிகம் பார்க்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். முக்கியமான கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுங்கள். ரேம் பிழையோடு ஓடும் கணினி, படிக்கும் தரவை மட்டுமல்ல, எழுதும் தரவையும் கெடுக்கும். இரண்டாவது, டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் ரெகவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். இந்த வகைக் கணினிகளில், அந்தப் பூட்டின் சாவிகளைக் காக்கும் எஃப்டிபிஎம் என்பது பிராசசரைச் சார்ந்தது. பிராசசர் மாறினாலோ, சில பயாஸ் புதுப்பிப்புகளிலோ, பழைய சாவிகள் போய்விட்டன, புதிதாக அமைக்கட்டுமா என்று ஆன் ஆகும்போதே கேட்கும். நீங்கள் இந்த முறை யோசிக்காமல் ஒய் அழுத்தித் தப்பியிருக்கலாம். கீ கையில் இல்லாமல் அதை அழுத்தி, டிரைவில் இருந்த குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் இழந்தவரை எனக்குத் தெரியும்.

இனி பயாஸ். பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டுக்கான ரைசன்கள் 2017 மார்ச்சில் தொடங்கி வருகின்றன. பி450 வந்தது 2018-இல். உங்கள் 5800எக்ஸ் 2020 நவம்பரில் வந்தது. போர்டு செய்யப்பட்டபோது இல்லாத ஒரு பிராசசரை அது அறிந்துகொள்வது பயாஸ் வழியாக மட்டுமே. எனவே உங்கள் போர்டின் பெயரையும் அதில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் சரியாகப் பார்த்து, 5800எக்ஸை ஆதரிக்கத் தொடங்கிய முதல் பதிப்பாக இல்லாமல், அதற்குப் பின் வந்த இறுதிப் பதிப்பை, பீட்டா என்று குறிக்காததாக, ஏற்றுங்கள். ஆரம்பப் பதிப்புகளில் பல குறைகள் இருந்தன; எடுத்துக்காட்டாக, எஃப்டிபிஎம் காரணமாகக் கணினி இடையிடையே சில நொடிகள் திக்கித் திணறும் ஒரு கோளாறை ரைசனைத் தரும் ஏஎம்டி 2022-இல்தான் ஒப்புக்கொண்டு, பயாஸுக்குள் வரும் தன் அஜெசா நிரலின் 1.2.0.7 பதிப்பு வழியாகச் சரிசெய்தது. பயாஸ் ஏற்றும் நேரத்தில் கணினி விழுந்தால் போர்டே போய்விடும் என்பதால், ஏற்றுவதற்கு முன் இரண்டு ரேமை மட்டும் போர்டில் வைத்துக்கொண்டு, எக்ஸ்எம்பி-யை ஆஃப் செய்துகொள்ளுங்கள்; யூபிஎஸ்ஸில் இணைத்துச் செய்யுங்கள்.

ஏற்றிய பிறகு ஒரு படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய பிராசசருக்காக வைத்திருந்த அமைப்புகள் உள்ளே எச்சமாகத் தங்கிவிடக் கூடாது. கணினியை அணைத்து, பின்புற ஸ்விட்சையும் ஆஃப் செய்து, போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். பிறகு பயாஸுக்குள் சென்று டிஃபால்ட் அமைப்புகளை ஏற்றி, சேமித்து வெளியேறுங்கள். முன்பு சேமித்து வைத்திருந்த புரொஃபைலை மறுபடி ஏற்ற வேண்டாம். வேறு பதிப்பில் சேமித்தது புதிய பதிப்பில் அதே பொருளைத் தரும் என்று நம்ப முடியாது. இந்த நிலையில், எக்ஸ்எம்பி இல்லாமல், பிராசசரின் மின் வரம்பை உயர்த்தும் பிபிஓ-வை ஆஃப் செய்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல் ஓடும் கணினிதான் நம் தொடக்கப் புள்ளி.

இங்கிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். உங்கள் கணினி சராசரியாக நாளுக்கு ஒரு முறை விழுகிறது என்றால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குறைந்தது மூன்று நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒரே மாலையில் ஐந்து அமைப்புகளை மாற்றி, இரவு முழுதும் விழவில்லை என்று மகிழ்ந்தால், எது குணப்படுத்தியது என்றும் தெரியாது, குணமாகிவிட்டதா என்றும் தெரியாது.

ரேமில் தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கணினியில் பெரும்பங்கு அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் வரும் ப்ளூ ஸ்கிரீன், ரேமின் கையெழுத்து. ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே பெயரில் அதே கோப்பைக் காட்டியபடி விழும். ரேம் கெட்டிருந்தால், கெட்ட இடத்தில் அந்த நேரத்தில் எந்த நிரல் குடியிருந்ததோ அது விழும். காலையில் இரண்டு மூன்று முறை அணைந்து எழுவதும் அதையே சொல்கிறது. குளிர்ந்த நிலையில் ஆன் செய்யும்போது போர்டு ஒவ்வொரு ரேமுடனும் சமிக்ஞைகளைச் சரிபார்த்துப் பொருத்திக்கொள்கிறது. கேட்ட வேகத்தில் பொருந்தவில்லை என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி முயல்கிறது. நீங்கள் பார்ப்பது அந்த முயற்சிகளைத்தான்.

நான்கு ரேம் என்பது எளிய காரியமல்ல. இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 3200. நான்கு ரேம் மாட்டினால், ஒற்றை ரேங்க் ரேமுக்கு, அதாவது சிப்கள் ஒரே தொகுதியாக இயங்கும் ரேமுக்கு, 2933. இரட்டை ரேங்க் ரேமுக்கு 2667 மட்டுமே. ரேம் அட்டையில் அச்சிட்டிருக்கும் 3200 என்ற வாக்குறுதி, அந்தப் பெட்டியில் சேர்ந்து வந்த இரண்டுக்கு மட்டும் உரியது. வேறு நிறுவனத்தின் இரண்டை அருகில் மாட்டும்போது அந்த வாக்குறுதியை இரண்டு நிறுவனங்களுமே தரவில்லை. பழைய 2600-இல் இரண்டு ரேம் 3200-இல் ஓடியிருக்கலாம். இப்போது மாறியிருப்பது பிராசசர் மட்டுமல்ல என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே பழைய இரண்டை மட்டும் மாட்டுங்கள். பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசக் கருவியை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுதும் ஓடவிடுங்கள். முதலில் எக்ஸ்எம்பி இல்லாமல், மறுநாள் எக்ஸ்எம்பி-யுடன். நான்கு சுற்றாவது முடிய வேண்டும். திரையில் சிவப்பாக ஒரே ஒரு வரி வந்தாலும் அந்த அமைப்பு தகுதியற்றது. பல்லாயிரம் கோடி முறை எழுதிப் படித்ததில் ஒன்றுதானே தவறியது என்று எண்ண இடமில்லை, ஏனென்றால் அந்த ஒன்று எந்தக் கோப்பில் விழும் என்பது நம் கையில் இல்லை. மெம்டெஸ்ட் தாண்டினால், விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி-யின் ரேம் சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டின் வெப்பம் சேரும்போது மட்டும் தவறும் ரேம்களும் உண்டு. பிறகு புதிய இரண்டை மட்டும் மாட்டி இதே சோதனை. இரண்டு ஜோடியும் தனித்தனியே தாண்டி, நான்கும் சேரும்போது மட்டும் தவறினால், எதுவும் கெட்டுப்போகவில்லை. கேட்ட வேகம்தான் அதிகம். அப்போது எக்ஸ்எம்பி-யின் 1.35 வோல்ட்டையும் டைமிங்குகளையும் அப்படியே வைத்து, வேகத்தை மட்டும் 2933-க்கு, தேவையானால் 2667-க்கு இறக்குங்கள். பிராசசரில் ரேமைக் கையாளும் பகுதிக்குரிய எஸ்ஓசி வோல்டேஜ் ஆட்டோவில் மிகக் குறைவாக இருந்தால் 1.1 வோல்ட்டில் நிறுத்தலாம். விளையாட்டில் இதனால் வரும் இழப்பைக் கண்ணால் பிடிப்பது கடினம். 32 ஜிபியும் வேண்டும், 3200-உம் வேண்டும் என்றால், நான்கையும் விற்றுவிட்டு 16 ஜிபி ரேம் இரண்டாகச் சேர்ந்து வரும் ஒரே பெட்டியை வாங்குவதுதான் நேர்வழி. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

ரேம் தேறிய பிறகும் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் தொடர்ந்தால், அது தனி நோய். பயாஸில், பெரும்பாலும் ஏஎம்டி சிபிஎஸ் என்ற பகுதிக்குள், பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல் என்று ஓர் அமைப்பு இருக்கும். ஆட்டோவில் இருப்பதை டிப்பிக்கல் கரண்ட் ஐடில் என்று மாற்றுங்கள். கோர்கள் எல்லாம் ஆழ்ந்து உறங்கும்போது பிராசசர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாகிவிடுகிறது. பழைய வடிவமைப்புள்ள எஸ்எம்பிஎஸ்கள் சிலவற்றால் அவ்வளவு குறைந்த சுமையில் 12 வோல்ட்டைச் சீராகத் தர முடிவதில்லை. இந்த அமைப்பு, உறக்கத்தின் ஆழத்தைக் குறைத்து, சுமை ஓர் அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறது. மின் செலவில் சில வாட் கூடும், அவ்வளவுதான். முதல் தலைமுறை ரைசன் காலத்திலிருந்தே இந்த ஒரு வரியால் உயிர் பெற்ற கணினிகள் ஏராளம். இதற்குப் பின்னும் விழுந்தால் கோர்களின் உறக்கத்தைக் கட்டுப்படுத்தும் குளோபல் சி-ஸ்டேட் கண்ட்ரோலை முழுதாக ஆஃப் செய்து பாருங்கள். ஆனால் அதைச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிரந்தரத் தீர்வாக அல்ல.

அடுத்த சோதனை, கோர் பர்ஃபார்மன்ஸ் பூஸ்ட் என்பதை ஆஃப் செய்வது. அப்போது 5800எக்ஸ் தன் அடிப்படை வேகமான 3.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது, வோல்டேஜும் வெகுவாக இறங்கிவிடும். மூன்று நாள் இப்படி ஓட்டி ஒரு முறையும் விழவில்லை, பூஸ்ட்டை ஆன் செய்த அன்றே விழுகிறது என்றால், உயர் வேகத்தில் ஏதோ ஒரு கோருக்கு வோல்டேஜ் போதவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. அது எந்தக் கோர் என்பதை, முன்பு சொன்ன ஏபிஐசி எண்ணும், ஒவ்வொரு கோரையும் தனித்தனியே உழைக்க வைக்கும் கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியும் காட்டிக்கொடுக்கும். அதை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். சினிபெஞ்ச் காட்டாததை அது காட்டும். உங்கள் பயாஸில் கோர் வாரியாக வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கர்வ் ஆப்டிமைசர் இருந்தால், அந்தக் கோருக்கு மட்டும் பிளஸ் 5 கொடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். பிறர் பரிந்துரைத்தார்கள் என்று ஏற்கெனவே மைனஸ் 20, மைனஸ் 30 கொடுத்து வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஒருவரின் சிலிக்கான் தாங்கியது இன்னொருவருடையது தாங்க வேண்டும் என்பதில்லை. இது ஒரு சிகிச்சைதான். புதிதாக, முழு விலை கொடுத்து வாங்கிய பிராசசர், டிஃபால்ட் அமைப்பில், நல்ல ரேமுடனும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுடனும் நிலையாக ஓடவில்லை என்றால் அதை மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை.

அந்த முடிவுக்கு முன் பிராசசரை ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு உறவினர் வீட்டுக் கணினி ஒன்று இதே போல வாரக்கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. 16 ஜிபி மாட்டியிருந்தும் சில நாட்களில் 8 ஜிபி மட்டுமே தெரியும். ரேம்களை ஒன்றோடொன்று இடம் மாற்றினால் சரியாகும், பிறகு மறுபடியும். அவர் இரண்டு ரேமையும் கடையில் மாற்றிவிட்டு வந்திருந்தார். பிராசசரைக் கழற்றி, ஜன்னல் பக்கம் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பின் வரிசைகளின் ஊடே பார்த்தேன். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 பின்கள் உண்டு. நேராகப் பார்த்தால் எல்லாம் நிமிர்ந்து நிற்பது போலத்தான் இருக்கும், சாய்த்து வரிசையாகப் பார்க்கும்போதுதான் ஒன்று மட்டும் பக்கத்துப் பின்னின் பக்கம் தலையைச் சாய்த்திருப்பது தெரிந்தது. கேட்டபோது, கூலரைக் கழற்றும்போது பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனைக்குள் அந்தப் பின்னை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடியளவு முடியளவாக நிமிர்த்தினேன். அதன் பிறகு அந்தக் கணினி விழவே இல்லை.

உங்களுக்கும் கழற்றும்போது அப்படி நேர்ந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இந்த முறை கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் ஏதாவது சுமையில் ஓட்டி, கூலருக்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள பேஸ்ட் இளகியதும் அணைத்து, கூலரை இடமும் வலமுமாகச் சிறிது திருகிய பிறகு மேலே தூக்குங்கள். பின்களுக்கிடையில் பேஸ்ட் சிந்தியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கூலரின் திருகுகளை ஒரே மூலையில் முழுதாக முறுக்காமல், எதிரெதிர் மூலைகளில் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

கூலரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2600 என்பது 65 வாட் பிராசசர். அதற்கு சாக்கெட் தரும் உச்ச மின்சாரம் 88 வாட். 5800எக்ஸ் 105 வாட் வகை. உச்சம் 142 வாட். ஏஎம்டி அதைக் கூலர் இல்லாமலேயே விற்றது, பெரிய கூலர் ஒன்றை நீங்களே வாங்குவீர்கள் என்று எதிர்பார்த்து. அந்தச் சிறிய கூலரோடு உங்கள் பிராசசர் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இந்த வெப்பம் உங்கள் ரீஸ்டார்ட்டுக்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 90 அதன் வரம்பு. அங்கே அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிர விழாது. அப்படியே விழுந்தாலும் சினிபெஞ்சில்தான் விழ வேண்டும், பாட்டு கேட்கும்போது அல்ல. கூலர் மாற்ற வேண்டியது அவசியம். ஆனால் அது இந்த நோய்க்கான மருந்து அல்ல. புதிய டவர் கூலர் மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதி, சாக்கெட்டைச் சுற்றியிருந்து பிராசசருக்கான வோல்டேஜை மாற்றித் தரும் விஆர்எம்மையும் சேர்த்துக் குளிர்வித்தது. டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளும். மலிவான பி450 போர்டுகளில் விஆர்எம் மேல் ஹீட்சிங்க்கூட இருக்காது. நம் ஊர் மே மாதத்தில், மூடிய அறையில் அது கொதிக்கும்போது பிராசசர் வேகம் திடீரென்று சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்து மீளும். வேகத்தையும் வெப்பத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் அப்படித் தெரிந்தால், கேபினட்டின் பின்புறம் ஒரு ஃபேன் சேர்த்து, பயாஸில் ஈகோ மோடை 65 வாட்டுக்கு வையுங்கள். உச்சம் மறுபடியும் 88 வாட்டுக்கு இறங்கிவிடும், வேகத்தில் இழப்பு நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பொறுத்தவரை, 550 வாட் என்ற அளவு உங்கள் பாகங்களுக்குப் போதும். கேள்வி அதன் வயதும் தரமும். சாக்கெட் அருகிலுள்ள 8 பின் இணைப்பு கிளிக் என்ற சத்தத்தோடு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். போர்டில் 8 பின் இடம் இருந்தும் 4 பின் மட்டும் மாட்டியிருந்தால் அதையும் நிரப்புங்கள். 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி; ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணை நம்பி எஸ்எம்பிஎஸ்ஸை விடுதலை செய்ய முடியாது, மல்டிமீட்டர்கூட மில்லி வினாடி நேரச் சரிவைப் பிடிக்காது. நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மூன்று நாளுக்கு இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு நிறுவனத்தின் கழற்றி மாட்டும் மாடுலர் கேபிளை இன்னொன்றில் செருகினால் பாகங்கள் எரிந்துபோகலாம்.

யூபிஎஸ் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பிராசசருக்கு 142, கிராபிக்ஸ் கார்டுக்கு 125, மற்ற பாகங்கள், எஸ்எம்பிஎஸ்ஸிலேயே வீணாவது, மானிட்டர் என்று கூட்டினால் விளையாடும்போது அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். மின்சாரம் ஒரு கணம் தளர்ந்து யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் கணினி விழும். 2600 இருந்தவரை இது நடந்திருக்காது. இரண்டு நாள் நேரடியாகச் சுவர் பிளக்கில் இணைத்துப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவராக இருந்தால் அதன் ஸ்விட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்பதையும்.

விண்டோஸை மறுபடி நிறுவுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பிழையுள்ள ரேமோடு நிறுவினால் புதிய விண்டோஸும் பிறக்கும்போதே ஊனமாகப் பிறக்கும். வன்பொருளா மென்பொருளா என்று பிரிக்க, உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்து நிறுவாமலே தொடங்கி, அதில் ஒரு மாலை முழுதும் படம் பாருங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ் மேல் பழி இல்லை. எல்லாம் சீரான பிறகு ஏஎம்டி தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் புதிதாக நிறுவி, 2600 காலத்தில் நிறுவிய ஓவர்கிளாக் மென்பொருள் ஏதேனும் கணினியோடு சேர்ந்து தொடங்குகிறதா என்று பார்த்து நீக்கி, விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒரு முறை ஓட்டினால் போதும்.

இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து 13 அல்லது 14-ஆம் தலைமுறைக்கு மாறி இதே தொல்லையில் இருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. நீங்கள் பிராசசரிலிருந்தே தொடங்கலாம். அந்தத் தலைமுறைகளின் டெஸ்க்டாப் பிராசசர்களில் பல, தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜால் உள்ளேயே நிரந்தரமாகச் சிதைகின்றன என்பதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, பிராசசருக்கான திருத்த நிரல்களாக 0எக்ஸ்129 முதலான மைக்ரோகோடுகளை வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. புதிய பயாஸ் சிதைவைத் தடுக்கும். சிதைந்ததைத் திருப்பித் தராது. விளையாட்டு தொடங்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பொருத்தமில்லாத செய்தி வந்தால், பயாஸை ஏற்றிய கையோடு மாற்றிக் கேளுங்கள்.

உங்கள் கணினிக்குத் திரும்புகிறேன். இவை எல்லாவற்றையும் தாண்டியும் பூஸ்ட் ஆன் செய்தால் ஒரே கோர் விழுகிறது என்றால் பழைய 2600-ஐ மறுபடி மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது நல்ல சாட்சியம். ஆனால் அதற்கு முன் நீங்கள் ஏற்றிய பயாஸ் பதிப்பு 2600-ஐ இன்னும் ஆதரிக்கிறதா என்று பட்டியலில் பாருங்கள், ஏனெனில் பயாஸ் சிப்பில் இடம் போதாமல் சில போர்டுகள் பழைய பிராசசர்களைக் கைவிட்டிருக்கின்றன. 2600-இல் ஒரு வாரம் நிலையாக ஓடினால், ஈவன்ட் வியூவர் பதிவுகளைப் படம் எடுத்து, உத்தரவாதம் கேளுங்கள். பெட்டியோடு வாங்கிய ரைசனுக்கு ஏஎம்டி தரும் உத்தரவாதம் மூன்று ஆண்டு. பெட்டி இல்லாமல் டிரேயாக வாங்கியிருந்தால் பில்லோடு கடைக்காரரிடம்தான் போக வேண்டும். அனுப்பும்போது பழைய பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, பின்களின் மேல் எதுவும் அழுத்தாதபடி கட்டி, எல்லாப் பின்களும் தெரியும்படி அடிப்பக்கத்தையும், சீரியல் எண் தெரியும்படி மேற்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின் வளைந்திருந்தது என்று சொல்லி மறுத்துவிட்டால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அந்தப் படங்கள்தான்.